உதவ மனசிருக்கிறது, எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு

நல்லவராக இருங்கள் என்று உபதேசம் செய்யும் கட்டுரை இல்லை இது. உங்கள் மனசு ஏற்கெனவே நல்ல மனசுதான். ஆனால் எதிரில் ஒருவர் திண்டாடும்போது என்ன சொல்வது, எதில் கை வைப்பது, எதில் வைக்கக் கூடாது என்று தெரியாமல் தயங்கித் தயங்கி நகர்ந்துவிடுகிறீர்கள் என்றால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒருவர் நீண்ட நாள் படுக்கையில் இருந்தார். அப்போது நான் உதவியை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருந்தேன். வந்தவர்கள் எல்லோருமே அன்போடு வந்தவர்கள்தான். ஆனால் சிலர் வந்துபோனால் எங்கள் வேலை குறைந்தது, சிலர் வந்துபோனால் கூடியது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: யோசிக்கும் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் உதவினார்கள். அதை எங்களிடமே விட்டவர்களுக்கு நாங்கள்தான் நாற்காலி தேடிப் போட வேண்டியிருந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

1. முதலில் பத்து நிமிடத்தைக் காலியாக வையுங்கள்

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு ஒன்று 1973இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமய ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். அவர்களில் சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து, இருமிக்கொண்டு முனகிக்கொண்டு கிடந்தார். அவரை அங்கே ஏற்பாடு செய்து வைத்தவர்கள் ஆய்வாளர்களே.

அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

ஆகவே உங்கள் முதல் செலவு நேரம். எங்கே போவதானாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், வழி கேட்டவருக்கு நின்று பதில் சொல்வதும், சுமையோடு படியேறுகிறவருக்கு ஒரு பையை வாங்கிக்கொள்வதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடக்கிற காரியங்கள்தான். பதைபதைப்போடு ஓடும்போது எதிரில் வருகிறவரின் முகமே கண்ணில் படாது.

2. தினமும் பார்க்கிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்

முன்பின் தெரியாதவருக்கு உதவுவதில் தொடங்கினால் கூச்சம் தடுக்கும். எப்படியும் தினமும் பார்க்கிற ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். காவலாளி, துப்புரவு செய்கிறவர், பக்கத்து மேசைக்காரர், மேல்மாடியில் தனியாக இருக்கும் பெரியவர், இப்படி. அவர்கள் பெயர் தெரியுமா? தெரியாவிட்டால் கேளுங்கள். “தினமும் பார்க்கிறோம், உங்க பெயர் கேட்கவே இல்லையே” என்றால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறதிக்காரர்கள் போனில் குறித்து வைக்கலாம். பெயர், பிள்ளைக்குத் தேர்வு என்றைக்கு, அறுவைச் சிகிச்சை எந்தத் தேதி, அவ்வளவு போதும். தேர்வு முடிந்த மறுநாள் “பையன் எப்படி எழுதினான்?” என்று கேட்டால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அடுத்தவர் நோய், கடன், குடும்பச் சண்டை போன்ற விவரங்களை எழுதி வைக்காதீர்கள். போன் தொலைந்தால் அது அவர்களுக்குத்தான் கேடு.

3. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பதை விட்டுவிடுங்கள்

இந்தப் படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் உண்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் கேட்கிறவருக்கு அதில் எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள். எனக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டும். அதில் எதை இவரிடம் கேட்கலாம் என்று பார்க்க வேண்டும். இவருக்கு என்றைக்கு வசதிப்படும் என்று ஊகிக்க வேண்டும். கடைசியில் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்று ராத்திரி தூங்காத மனுஷனால் இது நடக்காது. “சரிங்க, கண்டிப்பா சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

எங்களுக்கு ஒருவர் அனுப்பிய குறுஞ்செய்தி இப்படி இருந்தது: “செவ்வாய் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு வரை நான் வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறேன். நீங்கள் போய்த் தூங்குங்கள். மாத்திரை நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். தோதுப்படாவிட்டால் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.” நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். செருப்பைக் கழற்றினார், தாளை வாங்கிப் படித்தார், படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தார். ஆறு மணிக்கு எழுந்து, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று அதே தாளில் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தச் செய்தியில் மூன்று விஷயங்கள் இருந்தன: என்ன வேலை, எந்த நேரம், மறுக்க ஒரு வழி. உங்கள் வாக்கியத்திலும் இந்த மூன்றும் இருக்கட்டும். சில மாதிரிகள்:

“நாளைக்குக் காலையில் நான் மருந்துக்கடைக்குப் போகிறேன். சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் உங்களுக்கும் வாங்கி வருகிறேன்.”

“இந்த வாரம் முழுக்கப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நானே கூட்டி வருகிறேன், சரியா?”

“சனிக்கிழமை உங்கள் வீட்டுத் துணிகளைத் துவைத்துத் தருகிறேன். வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள்.”

இங்கே விழக்கூடிய குழி ஒன்று உண்டு. “வேண்டாம்” என்று பதில் வந்தால் அதை மதிக்க வேண்டும். மூன்று தடவை வற்புறுத்தினால் அது அன்புத் தொல்லையாகிவிடும். பத்து நாள் கழித்து வேறு ஒரு வேலையைச் சொல்லிக் கேட்கலாம். இன்னொன்று, சொன்ன நேரத்துக்குப் போகாமல் இருப்பது. அவர்கள் உங்களை நம்பித் தங்கள் நாளை மாற்றி வைத்திருப்பார்கள். போக முடியாதென்று தெரிந்த கணமே தகவல் சொல்லிவிடுங்கள்.

4. நன்றி, பாராட்டு: உடனே சொல்லுங்கள், குறிப்பாகச் சொல்லுங்கள்

செலவே இல்லாத இந்த வேலையைத்தான் நாம் அதிகம் தள்ளிப்போடுகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் இதைப் பற்றி ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுகிறவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று உண்மையைவிட அதிகமாக நினைத்தார்கள். அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். மொழிநடை சரியாக வருமா என்ற கவலை எழுதுகிறவருக்குத்தான். வாங்குகிறவர் அதைவிட அதிலுள்ள அன்பைத்தான் கவனிக்கிறார்.

மூன்று வரி போதும். நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் எனக்கு என்ன ஆனது, இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். “நீங்க ரொம்ப நல்லவர்” என்பது எல்லோருக்கும் பொருந்துகிற சட்டை. “அன்றைக்குக் கூட்டத்தில் என் பேச்சை எல்லோரும் குறுக்கிட்டபோது ‘அவர் முடிக்கட்டும்’ என்று சொன்னீர்களே” என்பது அவர் ஒருவருக்கு மட்டும் சேர்வது.

வேலையிடத்தில் ஒருவர் நன்றாகச் செய்திருந்தால் அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். புகார் என்றால் எழுத்தில் போகிறது, பாராட்டு வாயோடு போய்விடுகிறது. சம்பள உயர்வு பேசும் நேரத்தில் எழுத்தில் இருப்பதுதான் கைகொடுக்கும். ஆனால் ஒருவருடைய உடல், நிறம், எடை பற்றிய பாராட்டு வேண்டாம். நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் அது எங்கே போய்க் குத்தும் என்று தெரியாது.

5. ஒருவர் மனம் விட்டுப் பேசும்போது

“உனக்கு யோசனை வேணுமா, இல்லை நான் சும்மா கேட்டால் போதுமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். “எனக்கும் இப்படித்தான்...” என்று உங்கள் கதைக்குத் தாவாதீர்கள். போனைக் குப்புறப் போட்டு வையுங்கள். அவர் அழுதால் உடனே நிறுத்தப் பார்க்க வேண்டாம்.

உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினால் மட்டும் சும்மா கேட்பது போதாது. அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியாக விடாதீர்கள். மருத்துவரிடமோ உங்கள் நாட்டின் உதவி எண்ணிலோ பேசும்வரை கூடவே இருங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

6. தொடுவதற்கு முன் கேளுங்கள்

பார்வையற்றவர் சாலையோரம் நிற்கிறார் என்றால் அவர் கையைப் பற்றி இழுப்பதுதான் பலர் செய்வது. அவருக்கு அது திடுக்கிடும் அனுபவம். அவர் கடக்கத்தான் நிற்கிறார் என்பதும் நிச்சயமில்லை. முதலில் குரல் கொடுங்கள்: “நான் பக்கத்தில் நிற்கிறேன். கடக்க வேண்டுமா?” ஆமாம் என்றால் உங்கள் கையை நீட்டுங்கள், அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். உங்கள் உடலின் அசைவிலிருந்தே திருப்பமும் படியும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வாயாலும் சொல்லுங்கள். பிரியும்போது “நான் கிளம்புகிறேன்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் போனால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். அவருடைய வெள்ளைக்கோலையோ வழிகாட்டி நாயையோ தொடாதீர்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் தள்ளக் கூடாது. நாற்காலி அவருக்கு உடம்பின் ஒரு பகுதி மாதிரி. பேசுவதானால் அவரிடமே பேசுங்கள், கூட வந்தவரிடம் “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். காது கேளாதவரிடம் கத்த வேண்டாம். முகத்துக்கு நேராக நின்று, வாயை மறைக்காமல், வழக்கமான வேகத்தில் பேசுங்கள். புரியாவிட்டால் எழுதிக் காட்டுங்கள்.

ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள கெட்டியான பொருள்களை நகர்த்துங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, முதல் தடவையாக வந்தது என்று தெரிந்தாலோ ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முழு நினைவு திரும்பும்வரை பக்கத்திலேயே இருங்கள். அவருக்கு வெட்கமாக இருக்கும், ஆகையால் கூடியிருப்பவர்களை நாசூக்காக விலக்கிவிடுங்கள்.

கூட்டம் என்றதும் இன்னொன்று. நிறையப் பேர் நிற்கும் இடத்தில் ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஆளாளுக்கு நினைத்து நிற்பார்கள். மேலே சொன்ன அதே டார்லி, பிப் லத்தானே என்பவரோடு சேர்ந்து 1968இல் சோதனைக்கூடத்தில் இதைக் காட்டினார். பொதுவாக “யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க” என்று கத்திப் பயனில்லை. ஒருவரைச் சுட்டிக் காட்டி, “நீலச் சட்டை அண்ணே, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க” என்று சொல்லுங்கள்.

7. ரத்ததானம்: சாதாரண நாளில் கொடுங்கள்

முழு ரத்தம் என்றால் ஒரு தடவை ஏறக்குறைய 350 முதல் 450 மில்லி எடுப்பார்கள். எடுப்பதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம் போல. பதிவு, பரிசோதனை, பிறகு ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். அடையாள அட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். பச்சை குத்தியது, சமீபத்தில் வந்த காய்ச்சல், போட்ட தடுப்பூசி, எதையும் மறைக்காதீர்கள். அடுத்த தடவைக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய விபத்துச் செய்தி வந்ததும் எல்லோரும் ஒரே நாளில் வரிசையில் நிற்பது நல்ல காட்சிதான். ஆனால் சிவப்பணுக்களை 42 நாள் வரை வைக்கலாம், தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும். செய்தி இல்லாத நாளிலும் நோயாளிகளுக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. நீங்கள் அந்த நாளில் போங்கள்.

8. காகிதம், கையெழுத்து, பாஸ்வேர்டு

வயதானவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாதவருக்கோ விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது பெரிய உதவி. செய்யும் முறை மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படியுங்கள், அவர் சொன்னதை எழுதுங்கள், முடித்ததும் மொத்தமாக ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அசல் ஆவணங்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கேயே நகலெடுத்து அசலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ரசீது எண்ணையும் அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அவருடைய பாஸ்வேர்டும் ஓடிபியும் உங்களுக்குத் தெரியவே கூடாது. அவரே தட்டட்டும், நீங்கள் திரும்பி நில்லுங்கள். இது அவருடைய பாதுகாப்புக்கு மட்டுமல்ல, நாளைக்குப் பணம் ஏதாவது குறைந்தால் முதலில் நினைவுக்கு வருகிற முகம் உங்களுடையதாக இருக்கக் கூடாது என்பதற்காகவும்தான்.

கடனுக்கு ஜாமீன் கையெழுத்தை ஒரு சின்ன உபகாரமாக நினைத்துப் போட்டுவிடாதீர்கள். வாங்கியவர் கட்டாவிட்டால் கட்ட வேண்டியது நீங்கள். முழுத் தொகையையும் உங்களால் கட்ட முடியும், கட்டினாலும் உறவு கெடாது என்றால் மட்டும் போடுங்கள்.

9. பணம்

திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள். கேட்டது அதைவிடப் பெரிய தொகை என்றால், “இவ்வளவு என்னால் முடியாது, இதை வைத்துக்கொள்ளுங்கள், திருப்ப வேண்டாம்” என்று ஒரு சிறு பங்கைக் கொடுத்துவிடலாம். கடனாகத்தான் தருகிறீர்கள் என்றால் தேதியையும் தொகையையும் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது நம்பிக்கையின்மை இல்லை, பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும் வழி. மற்றவர் முன்னால் கொடுக்காதீர்கள். படம் எடுக்காதீர்கள். வாங்குகிறவர் முகத்தோடு ஒரு படம் வெளியில் போனால் அந்தப் பணத்தின் விலை அவருக்கு நூறு மடங்கு கூடிவிடும்.

10. சாவு நடந்த வீடு: நான்காவது வாரத்தில் போங்கள்

முதல் சில நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். அப்போது போய்த் தலையைக் காட்டினால் போதும். “எல்லாம் நல்லதுக்கே”, “இன்னும் அழுதுக்கிட்டே இருக்கியா”, “வயசாயிருச்சு இல்ல” இந்த மூன்றையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் “என்ன சொல்றதுன்னே தெரியல” என்றே சொல்லலாம், அது உண்மையாவது.

மூன்று, நான்கு வாரத்தில் எல்லோரும் தத்தம் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். வங்கி, ஓய்வூதியம், காப்பீடு, போன் இணைப்பு என்று காகித அலைச்சல் ஆரம்பிப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் போங்கள். எங்கே போனாலும் இறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள் என்பதால் தேவைக்கு மேலாகவே நகல்கள் எடுத்து ஓர் உறையில் போட்டுக் கொடுங்கள். கூடவே அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசலாம், தயங்க வேண்டாம். பெயரைக் கேட்டால் அவர்களுக்குத் துக்கம் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறோம். அவர்கள் மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. முதல் வருட நாளைப் போனில் குறித்து வைத்து, அன்றைக்கு ஒரு வரி அனுப்புங்கள்.

11. நீங்களும் கேளுங்கள்

உதவுகிறவர்கள் பலருக்குக் கேட்கத் தெரியாது. பிரான்சிஸ் ஃபிளின், வனெசா போன்ஸ் (அப்போது வனெசா லேக்) இருவரின் 2008 ஆய்வில், நேரடியாகக் கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதை மக்கள் மிகவும் குறைத்தே கணித்தார்கள். பாதியளவுக்குக் கூடக் கணக்குத் தப்பியது. ஆகவே உங்களுக்கு ஒரு நாள் நெருக்கடி வந்தால், மூன்றாம் படியில் உள்ள அதே மூன்று அம்சங்களோடு கேளுங்கள்: என்ன வேலை, எந்த நேரம், முடியாதென்றால் பரவாயில்லை. சுற்றி வளைக்காதீர்கள். குறுஞ்செய்தியில் கேட்பதைவிட நேரில் கேட்பது பலிக்கும்.

ஒரே ஆளை எல்லாவற்றுக்கும் நம்பியிருந்தால் அவர் களைத்துவிடுவார், நான்கைந்து பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். அதேபோல உங்களிடம் ஒரே ஆள் வாராவாரம் வந்து நின்றால், “இந்த வாரம் முடியாது, அடுத்த புதன்கிழமை ஒரு மணி நேரம் தர முடியும்” என்று சொல்லலாம். காரணம் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. புதன்கிழமை மட்டும் தவறாமல் போய்விடுங்கள்.